செம்பில் களிம்பு: அருங்காட்சியகப் பயிற்சிக்கு நடுவே ஒரு மாதம்

அவைக்கு வணக்கம். அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கான பயிற்சியை, நடுவே ஒரு மாத இடைவெளி விட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். ஏன் என்பதை ஒரு பழைய உவமையிலிருந்து தொடங்குகிறேன்.

செம்பில் களிம்பு என்ற உவமை தமிழ் படித்த எவருக்கும் புதிதல்ல. உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் உயிரோடு என்று சேர்ந்தது என்று கேட்டால், செம்பில் களிம்பு என்று சேர்ந்ததோ அன்றே என்று சைவ சித்தாந்தம் பதில் சொல்லும். தத்துவத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு செப்புத் திருமேனியைப் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பாட்சியர் அப்படி நினைத்துவிடக் கூடாது. அவர் கண்ணில் படும் வெளிர்பச்சைப் பொடிக்குத் தொடக்கம் உண்டு, காரணம் உண்டு. அதைத் தடுக்கவும் முடியும்.

காரணம் உப்பு. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் புதைந்து கிடந்த படிமத்துக்குள் மண்ணிலுள்ள குளோரைடு இறங்கிவிடுகிறது. உலோகத்தை ஒட்டினாற்போல் குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பாகத் தங்கி, மேலே இருக்கும் பழைய பச்சைப் படலத்துக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கிறது. ஈரக்காற்று பட்டதும் விழித்துக்கொள்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைப் பச்சைப் பொடியாக மாற்றும்போது கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடியும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்கும். வட்டிக்கு வட்டி போல இது தானே வளரும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர் வைத்ததில் மிகையில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. 1930-இல் அங்கே ஒரு வேதியியல் பாதுகாப்புக்கூடம் அமைந்ததற்கு இந்த நோய்தான் முதன்மைக் காரணம். அங்கிருந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் மின்னாற்பகுப்பு முறையில் திருமேனிகளிலிருந்து குளோரைடை வெளியேற்றினார். இன்று அந்த முறையை எல்லாப் படிமத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. பச்சைப் படலம் முழுவதும் உரிந்து, படிமத்தின் பழமையைச் சொல்லும் மேற்பரப்பும் அதோடு போய்விடும். ஆனாலும், நோயின் வேர் உப்பில் இருக்கிறது என்று பிடித்து அங்கேயே மருந்து வைத்த அந்த அணுகுமுறையை நாம் கைவிடவே கூடாது.

பயிற்சிக்கு வருபவர் முதலில் பழக வேண்டியது கண். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று, கூர்சீவிய மூங்கில் குச்சி ஒன்று, நல்ல வெளிச்சம் - இவ்வளவு போதும். கரும்பச்சையாக, வழவழப்பாக, குச்சி பட்டாலும் அசையாமல் இருந்தால் அது நல்ல படலம். அதைத் தொடவே வேண்டாம். வெளிர்பச்சையாக, மாவு போல உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் சிறு குழி தெரிந்தால் நோய். திருவாசி பீடத்தில் செருகும் துளை, ஆடை மடிப்பின் உட்புறம், பீடத்தின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில்தான் முதலில் வரும். எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பீடத்துக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். தாளில் பச்சைத் துகள் விழுந்திருந்தால் வினை நடந்துகொண்டிருக்கிறது.

புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. புதையலாகக் கிடைத்த படிமத்துக்குக் கேடு. புளியின் அமிலம் நல்ல படலத்தைக் கரைத்துவிடும், அடியில் இருக்கும் குளோரைடை விட்டுவிடும். பிறகு உப்புநீரில் அலசினால் புதிதாகக் குளோரைடு சேரும். இரண்டு மழைக்காலத்துக்குள் பளபளப்புப் போய்ப் பச்சைப் பொடி திரும்ப வரும். குளோரைடு இருக்கிறதா என்று அறிய, உதிர்ந்த பொடியில் சிறிது எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் திரிந்தது போல வெள்ளையாகக் கலங்கினால் இருக்கிறது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியது பாதுகாப்பு வேதியியலாளரின் வேலை. காப்பாட்சியரின் வேலை, அந்தப் படிமத்தைத் தனியே எடுத்து உலர்ந்த பெட்டியில் வைப்பது.

இங்கேதான் காட்சி அமைப்பும் பாதுகாப்பும் ஒரே வேலை என்பது தெரியவரும். காற்றின் ஈரப்பதம் 42 சதவீதத்தைத் தாண்டினால் இந்த வினை வேகம் பிடிக்கும், 35-க்குக் கீழே ஏறக்குறைய அடங்கிவிடும். ஓலைச்சுவடிக்கோ 50 முதல் 55 வரை வேண்டும். 35-இல் வைத்தால் ஓலை முறுகி நார் நாராகப் பிளக்கும். ‘சோழர் காலம்’ என்று தலைப்பிட்டுத் திருமேனியையும் சுவடியையும் ஒரே பேழையில், அதாவது ஒரே கண்ணாடிக் காட்சிப்பெட்டியில், வைக்க வடிவமைப்பாளர் ஆசைப்படுவார். கதை அழகாக வரும், இரண்டில் ஒரு பொருள் அழியும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற காப்பாட்சியரை அடுத்த கூட்டத்துக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். வெளியே ஒரே பேழையாகத் தெரிந்து, உள்ளே கண்ணாடித் தடுப்பால் காற்று பிரிந்த இரண்டு அறைகளாக வரைந்து காட்டத் தெரிந்தவரைத்தான் அழைப்பார்கள். அந்த வரைபடம் போடக் கற்றுக்கொடுப்பது பயிற்சியின் கடமை.

அளவு சொல்லிக்கொடுங்கள். பேழையின் ஒரு கனமீட்டர் கொள்ளளவுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 20 கிலோ என்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ள கணக்கு. 60 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 120 உயரம் உள்ள பேழைக்கு எட்டரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். அலமாரி மூலையில் கைப்பிடியளவு பொட்டலம் போட்டுவிட்டு ‘சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறோம்’ என்று பதிவேட்டில் எழுதுவதால் பயனில்லை. கதவு இடுக்கில் காற்று கசிந்தால் எட்டரை கிலோவும் வீண். முதலில் இடுக்கை அடையுங்கள். இன்னொன்று: நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. ஈரம் ஏறியதும் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள்.

ஏ.சி.யைப் பகலில் ஓட்டி மாலை ஐந்தரைக்கு நிறுத்தும் கூடங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 25 டிகிரி. பகல் முழுதும் 20 டிகிரியில் குளிர்ந்திருந்த படிமத்தின்மேல் அந்தக் காற்று பட்டால் தண்ணீராகவே படியும். ஏ.சி.யே இல்லாத கூடத்தைவிட இது மோசம்.

ஒளிக் கணக்கு எளிது. சுவடி, துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது பொருள்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு). நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. அதே சுவடிமேல் 500 லக்ஸ் விளக்கைத் திருப்பினால் 30 நாளில் ஓராண்டின் வெளிச்சத்தை வாங்கிவிடும். போன நிறம் திரும்பாது.

இனி, நான் விரிவாகச் சொல்ல வந்தது. பேழைக்குள் நாம் வைக்கும் பலகை, துணி, பசை, பெயின்ட் எல்லாம் மூச்சு விடுகின்றன. பிளைவுட்டும் மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையும் ஃபார்மால்டிஹைடையும் கரிம அமிலங்களையும் வெளியிடும். கம்பளித் துணியில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்க வைக்கும். சாதவாகனரின் ஈயக் காசுகளை மர இழுப்பறையில் பூட்டி வைத்தால், மரத்தின் அசிட்டிக் அமிலம் ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். எழுத்தும் சின்னமும் பொடியோடு போகும். காசைத் திருடர்களிடமிருந்து காத்த பெட்டியே காசைத் தின்றுவிடுகிறது.

இதைக் கண்டறிய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் அமைத்த சோதனை இன்றும் போதும். மூடியிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் சந்தேகப்படும் துணியோ பலகையோ 2 கிராம் போடுங்கள். அரை மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த நீர் விட்ட சிறு குப்பியை உள்ளே வையுங்கள். நன்றாகத் தேய்த்துத் துப்புரவாக்கிய வெள்ளி, செம்பு, ஈயத் தகட்டுத் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். காற்று புகாமல் மூடி 60 டிகிரி அடுப்பில் 28 நாள். தகடு கறுத்தாலோ வெளுத்தாலோ அந்தப் பொருள் பேழைக்கு ஆகாது. துணி போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவுமில்லை. தகட்டைத் தேய்த்த பிறகு வெறும் விரலால் தொட்டால் ரேகை அப்படியே துருவாக வரும். கையுறை கட்டாயம். மூடி தளர்ந்து நீர் ஆவியாகிவிட்டாலும் சோதனை பொய்க்கும். எல்லாத் தகடும் தெளிவாக இருக்கிறதே என்று நாம் மகிழ்ந்துபோவோம். எனவே முடிவைப் படிக்குமுன் குப்பியில் நீர் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

28 நாள் என்பதைக் கவனியுங்கள். ஐந்து நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சியில் இந்தச் சோதனைக்கு இடமே இல்லை. பேழைக்குள் ஈரப்பதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பதிவுக்கருவி வைத்துப் பார்க்கவும் அதே ஒரு மாதம் வேண்டும். ஆகவே பயிற்சியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்கிறேன். முதல் மூன்று நாள் சோதனையைத் தொடங்குவது, கருவி வைப்பது, ஒவ்வொரு பொருளும் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்ற நிலைக்குறிப்பு எழுதுவது. ஒரு மாத இடைவெளி. பிறகு மூன்று நாள் குழாயைத் திறப்பது, கருவி பதிந்த ஈரப்பத வரைகோட்டைப் படிப்பது, அதை வைத்துப் பேழையைத் திருத்தி வரைவது. பொருள் மெல்ல அழிகிறது. அதைப் பார்க்கக் கற்பவருக்கும் அந்த அவகாசம் வேண்டாமா?

காப்பாட்சியர் மட்டும் வந்தால் போதாது, தச்சரும் மின்பணியாளரும் வர வேண்டும். எந்தப் பசை, எந்த வார்னிஷ், விளக்கின் சோக்கு பேழைக்கு உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் அவர்கள் கையில் முடிவாகிறது. ஈயத்தகடு வெளுத்ததை ஒரு தச்சர் தம் கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதில்லை.

முதல் தவணைக்கு வருபவர்கள் எழுதுபொருள் கொண்டுவர வேண்டாம். உங்கள் பேழையில் விரித்திருக்கும் வெல்வெட்டில் ஓரமாகத் தீப்பெட்டி அளவு, அடிப்பலகையில் ஒரு சிம்பு, ஒட்டிய பசையின் டப்பா, அடித்த பெயின்ட் சிறிது, இவற்றைத் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, எந்தப் பேழையிலிருந்து எடுத்தது என்று பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள்.