மேட்டூர் அணை நிரம்பிடுச்சு, பரிசல்ல மட்டும் ஏன் மீன் இல்ல?

உபரி நீரை வெளியேத்துற 16 கண் மதகு திறந்து தண்ணி நுரைச்சுக்கிட்டு பாயுற வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. அணையில பூ தூவுறாங்க, டெல்டாவுல நாத்து விட ஆரம்பிச்சாச்சு. அதே வாரம் அணைக்குப் பின்னால நீர்த்தேக்கத்தோட பண்ணவாடி கரையில ஒரு பரிசல் விடியக்காலையில வந்து நிக்குது. ராத்திரி முழுக்கக் கிடந்த வலையில மாட்டினது ரெண்டு ஜிலேபி, ஒரு கெளுத்தி. மீதி எல்லாம் முள்ளுக்கொப்பு.

தண்ணி கூடினா மீனும் கூடணும்ல? அப்புறம் ஏன் இப்படி? வணக்கம், வாங்க பார்க்கலாம்.

முதல்ல ரெண்டே வரியில பின்னணி. 1934-ல கட்டி முடிச்ச அணை, அதுக்குப் பின்னால நிக்கிறது ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி), நிரம்பும்போது பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். இது போதும்.

(திரையில்: 50 அடி, 120 அடி, ரெண்டு படமும் பக்கத்துப் பக்கத்துல)

நீர்மட்டம் 50 அடியில இருக்கும்போது அணையில சுமார் 18 டிஎம்சி தண்ணிதான். 120 அடியில 93-க்கு மேல. அதாவது அஞ்சு மடங்கு. ஆனா மீன் ஒரே மாசத்துல அஞ்சு மடங்கா பெருகாதுங்க. குழம்புல அதே நாலு முருங்கைக்காய்த் துண்டை வெச்சுக்கிட்டு தண்ணியை மட்டும் அஞ்சு மடங்கு ஊத்தினா, கரண்டியில துண்டு ஏறாது. துண்டு எங்கேயும் போகல, சட்டிக்குள்ளதான் இருக்கு.

இப்போ வலைக்கு வருவோம். இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையா பாருங்க.

செவுள் வலை, அதாவது மீன் செவுள்ல மாட்டிக்கிற வலை, ஒண்ணு எடுத்துக்குவோம். கண்ணி, அதாவது வலையோட ஒரு ஓட்டை, இழுத்துப் பிடிச்சா 100 மில்லிமீட்டர்; மேலிருந்து கீழ 40 கண்ணி. அப்போ மொத்தம் 4 மீட்டர் உயரம். ஆனா வலையை அப்படி இழுத்துக் கட்ட மாட்டாங்க. 100 மீட்டர் வலையை 50 மீட்டர் கயித்துல சுருக்கிக் கட்டினாத்தான் கண்ணி விரிஞ்சு திறக்கும், மீன் தலையை உள்ள விடும். அப்படிக் கட்டும்போது உயரம் சுமார் மூணரை மீட்டரா குறைஞ்சிடும். நிரம்பின மேட்டூரோட சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? கொள்ளளவைப் பரப்பால வகுத்துப் பாருங்க, சுமார் 17 மீட்டர். வலை மறைக்கிறது அதுல அஞ்சுல ஒரு பங்கு. மீதி நாலு பங்கும் மீனுக்குத் திறந்த வாசல்.

மேட்டூருக்குன்னே பேர் போன இன்னொரு வலை, ரங்கூன் வலை. இதுக்கு கீழ்க்கயிறு கிடையாது, அடியில கனத்துக்குக் கட்டுற ஈயமும் கிடையாது. தளர்வா தொங்கும், மீன் வந்து சுத்திச் சிக்கிக்கும். நின்ன தண்ணியில அருமையான வலை. ஆனா வெள்ளம் வந்து ஓட்டம் பிடிச்சா, அடிப்பகுதி காத்துல முந்தானை பறக்குற மாதிரி மேல தூக்கிடும். அப்புறம் அது வலை இல்ல, வெறும் கயிறு.

அடுத்தது, ராத்திரியில தண்ணி ஏறுற வேகம். வினாடிக்கு 1 லட்சம் கன அடி வந்தா ஒரு நாளைக்கு 8.64 டிஎம்சி. அணை முக்கால்வாசி நிரம்பின பிறகு ஒரு அடி உயர ஏறத்தாழ ஒன்றரை டிஎம்சி வேணும். வெளியேத்தாம வெச்சிருந்தா ஒரே நாள்ல அஞ்சு அடிக்கு மேல ஏறிடும். சாயங்காலம் வலை போட்டு விடியல்ல எடுக்கப் போற அந்த 12 மணி நேரத்துல மூணு அடி வரைக்கும்! கல்லுல கட்டின மிதவைக் கயிறு அளவா, விறைப்பா இருந்தா மிதவை தண்ணிக்குள்ள போயிடும். காலையில வலை எங்க கிடக்குன்னே தெரியாது. வரத்து அதிகமா இருக்கிற நாள்ல மிதவைக் கயிறு ஆழத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கணும். தொலைஞ்ச நைலான் வலை மக்காதுங்க. அடியில கிடந்து மீனைக் கொன்னுக்கிட்டே இருக்கும்.

கரையோரம் வேற கதை. தண்ணி இறங்கின வருஷங்கள்ல அங்க சீமைக்கருவேலம் வளர்ந்து நிக்கும். அது முழுகினதும் மேல ஒண்ணும் தெரியாது, வலை போட்டா கிழிஞ்சுதான் வரும். இதோட ஆடிக் காத்து. தண்ணிப் பரப்பு விரிஞ்சா காத்து ஓடுற தூரமும் கூடும், அலை பெருசாகும். பரிசல் வட்டமா இருக்கிறதால காத்துக்கு நேரா நிக்காது, சுத்தும். வரத்து அதிகமான நாள்ல பரிசல் இறக்கக் கூடாதுன்னு அறிவிப்பு வந்தா தயவுசெய்து கேளுங்க. ஒரு நாள் மீனுக்காக இறங்கிடாதீங்க.

சரி, மீன் எங்கதான் போச்சு? புதுசா முழுகின நிலத்துக்கு. வறண்ட மாசங்கள்ல அணைக்குள்ள சோளம், கம்பு, எள் விதைப்பாங்க. அந்தத் தட்டையும் புல்லும் முழுகி அழுகினா தண்ணியில சத்து ஏறும், நுண்ணுயிர் பெருகும். கட்லாவோட வாயைக் கவனிச்சிருக்கீங்களா? மேல்நோக்கித் திறந்திருக்கும். மேல்தண்ணியில மிதக்கிற நுண்ணுயிரை அள்ளிச் சாப்பிடுறதுக்கான வாய் அது. ஜிலேபி இன்னும் கெட்டிக்காரி. ஆண் மீன் ஆழமில்லாத இடத்துல கிண்ணம் மாதிரி குழி தோண்டும். பெண் அங்க முட்டையிட்டு, உடனே வாயில எடுத்துக்கிட்டுக் கிளம்பிடும். தண்ணி ஏறினா என்ன, இறங்கினா என்ன, குஞ்சுகள் அம்மா வாயிலயே பத்திரமா இருக்கும்.

இதுக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கு. சத்து அளவு மீறினா கரையோரம் பச்சைப் பாசி படலமா மிதந்து நாறும். மேட்டூர்க் கரை ஊர்க்காரங்களுக்கு அந்த நாத்தம் நல்லாவே தெரியும்.

இப்போ கம்போடியாவுக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். டோன்லே சாப் ஏரி கோடையில ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். மீகாங் ஆத்துல வெள்ளம் ஏறினா, ஏரியிலிருந்து வர்ற ஆறு பின்னோக்கி ஓடி ஏரியை 15,000 சதுர கிலோமீட்டர் வரைக்கும் விரிக்குது. காடே முழுகிடும். அங்க வெள்ளம் உயர்ந்தா மீனவங்களுக்குக் கொண்டாட்டம்! ஏன்னா, அந்த ஆத்துல வரிசையா பெரிய பை வலை கட்டுறவங்க ஏரி விரிஞ்சு கிடக்கும்போது பிடிக்கிறதில்ல. தண்ணி வடியட்டும்னு காத்திருக்காங்க. காட்டுல மேய்ஞ்சு கொழுத்த மீனெல்லாம் அந்த ஒரே ஆறு வழியாத்தான் வெளிய வந்தாகணும். அந்த வழியிலதான் வலை. அந்த வலையில அதிகமா மாட்டுற சின்ன மீனுக்குப் பேரு ரியல், அந்த நாட்டுப் பணத்துக்கும் அதே பேருதான். எவ்வளவு அழகு பாருங்க!

மேட்டூர்லயும் கணக்கு இதேதான், காலம்தான் வேற. சில வருஷம் தண்ணி மாசக்கணக்குல 110 அடிக்கு மேலேயே நிக்கும், மீன் அறுவடை தள்ளிப் போயிடும். இலங்கையில பாசனக் குளங்களை ஆராய்ஞ்சவங்களும் கண்டது இதுதான்: தண்ணி உயர்ந்த வருஷம் ஒரு படகுக்குக் கிடைக்கிற ஜிலேபி குறையுது, அந்தத் தண்ணியோட பலன் அடுத்தடுத்த வருஷப் பிடிப்புல தெரியுது.

அதனால நிரம்பின அணையில நடுத்தண்ணியை விட்டுடுங்க. பாலாறு, தொப்பையாறு மாதிரி ஓடை வந்து சேர்ற முகங்கள்ல, ரெண்டுலேர்ந்து நாலு மீட்டர் ஆழத்துல, முள் இல்லாத பழைய வயல் மேல, கரையை ஒட்டிப் போடுங்க. மூணரை மீட்டர் வலை அங்கதான் மேலிருந்து அடிவரைக்கும் மறைக்கும்.

நான் கோபமா சொல்ல வர்றது ஒண்ணு. பிடிப்பு குறையுதுன்னு கண்ணியைச் சின்னதாக்காதீங்க. அதுல மாட்டுறது இந்த வெள்ளத்துல பொறந்த குஞ்சு, அடுத்த வருஷம் கிலோக் கணக்குல வரவேண்டியது. மீன்குஞ்சு விடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை: உபரி நீர் போய்க்கிட்டிருக்கும்போது விடாதீங்க, மதகு மூடின பிறகு விடுங்க, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குஞ்சா விடுங்க. இல்லன்னா 16 கண் மதகுக்குக் கீழ இருக்கிற பாறைக் குட்டைகள்ல போய்ச் செத்துக் கிடக்கும்.

நீர்மட்டம் 80 அடிக்குக் கீழ இறங்க இறங்க, பண்ணவாடியில முழுகிக் கிடக்கிற கிறிஸ்தவக் கோயிலோட கோபுரம் தெரியும், அப்புறம் முழுகின நந்தி சிலை தலை தூக்கும். ஊரே செல்ஃபி எடுக்கப் போகும். அந்த நாள்லதான் பரிசல்காரங்க வலை கனமா வரும்.

உங்க ஊர் ஏரி நிரம்பினப்போ என்ன ஆச்சு? கண்ணி எத்தனை மில்லிமீட்டர், எத்தனை அடித் தண்ணி, மாட்டினது என்ன மீன், இந்த மூணையும் கமெண்ட்ல எழுதுங்க.