ஒவ்வொருவராகத் தூக்கும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். கடற்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு டீக்கடைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னிடம் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, ஸ்ரீவைகுண்டத்துல ரயில்ல மாட்டுன சனத்தை எல்லாம் ஹெலிகாப்டர்லயே தூக்கிட்டு வந்திருக்கலாம்லா?"

நியாயமான கேள்விதான். டிசம்பர் 17 அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுபோனது. அதற்கு அப்பால் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் சுமார் 800 பேர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய மழை அது. ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டது. கர்ப்பிணி ஒருவர் உட்பட ஒரு சிலரைத் தூக்கிச் சென்றது. மற்றவர்களைத் தரை வழியாகத்தான் மீட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் அனுப்பிவைத்தார்கள்.

இதைச் சிலர் கையாலாகாத்தனம் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த இயந்திரத்தின் குணமே அப்படி.

விமானம் ஓடுபாதையில் ஓடி, எதிர்க்காற்றை இறக்கையில் வாங்கி மேலே போகிறது. ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே இறக்கையைச் சுழற்றி அந்தக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் ஆகாயத்தில் அசையாமல் நிற்க முடியும்; ஆனால் நிற்பதுதான் அதற்குப் பெரிய வேலை. மிதமான வேகத்தில் முன்னால் பறக்கத் தேவைப்படுவதைவிட, ஒரே இடத்தில் நிற்க அதிக சக்தி வேண்டும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும். தூக்கும் எடையும் குறைந்துவிடும். தரையிறங்க இடம் இருந்தால் எம்.ஐ.-17 போன்ற பெரிய ஹெலிகாப்டரில் முப்பது பேர் வரை ஏற்றலாம். சுற்றிலும் வெள்ளம், மின்கம்பி, மரம் என்றால் மேலேயே நின்று, ஆளைத் தூக்கும் வின்ச் என்ற இயந்திரத்தின் கம்பியை இறக்கி, ஒருவர் இருவராகத்தான் தூக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் ஆகும். எண்ணூறு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குள் எரிபொருள் தீரும், வெளிச்சமும் போய்விடும்.

சொல்லப்போனால், போர்முனையில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பே இப்படித்தான் நடந்தது. 1944 ஏப்ரலில், பர்மாக் காட்டில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் ஒரு சிறு விமானம் விழுந்துவிட்டது. விமானியும் காயமடைந்த மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் மாட்டிக்கொண்டார்கள். கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி ஒரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரோடு போனார். அந்த வெக்கையில் அதன் எஞ்சின் அவரோடு இன்னும் ஒரே ஒரு ஆளைத்தான் தூக்கும். நான்கு பேருக்கு நான்கு நடை போய்த்தான் மீட்டார்.

அந்த நிலைக்கு வரவே கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பிடித்தது. 1907இல் பிரான்சில் பால் கொர்னு தரையை விட்டு எழும்பினார். எழும்பியதை அடக்கி ஓட்டத்தான் வழியில்லை. சீலிங் ஃபேனைக் கொக்கியில் இறுக்கி மாட்டாமல் சுழலவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் இல்லையா, ஹெலிகாப்டரின் உடலும் அதையேதான் செய்யப் பார்க்கும். அடுத்த சிக்கல், முன்னால் போகும்போது ஒரு பக்கத்து இறக்கைக்கு அதிகக் காற்றும் மறுபக்கத்துக்குக் குறைந்த காற்றும் கிடைப்பதால் வண்டி சரிந்துவிடும். ஸ்பெயின்காரரான ஹுவான் தெ லா சியெர்வா இறக்கை அடியில் கீல் வைத்து, அது மேலும் கீழும் ஆட இடம் கொடுத்தார். 1923இல் அவருடைய ஆட்டோஜைரோ, அதாவது மேல் விசிறி காற்றிலேயே தானாகச் சுழலும் விமானம், பறந்தது. என்னைக் கேட்டால் அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை போதாது. அப்புறம் அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கி 1939இல் வாலில் சின்ன விசிறி வைத்து உடல் சுற்றுவதை அடக்கினார். அந்த அமைப்புத்தான் இன்றைக்கும் பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

1950களில் டர்பைன் எஞ்சின் வந்தது. எடை குறைந்தது, சக்தி கூடியது. பிரான்சின் அலுவெட் வரிசையில் ஒன்றைத்தான் பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை 'சேத்தக்' என்ற பெயரில் தயாரித்தது. இன்னொரு பிரெஞ்சு ஹெலிகாப்டரான லாமாதான் நம் 'சீட்டா'. சியாச்சின் பனிமலைக்குச் சாமான் கொண்டுபோகிற வண்டி. 1972இல் ழான் பூலே என்ற விமானி லாமாவில் 12,442 மீட்டர் உயரம் போனார். நம் பொதிகையின் அகத்தியர் மலை 1,868 மீட்டர்தான். பூலே போன அந்த உயரத்தில் எஞ்சின் அணைந்துவிட்டது. ஆனாலும் மனிதர் பத்திரமாக இறங்கினார். விழும்போது கீழிருந்து வரும் காற்று விசிறியைத் தானாகச் சுழற்றும்; அந்தச் சுழற்சியை வைத்தே இறக்கிவிடலாம். எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்று ஊரில் சொல்வது சரியில்லை.

சரி, அடுத்த மழைக்காலத்துக்கு நமக்கு உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து வின்ச் கொக்கி இறங்கினால் எட்டிப் பிடிக்காதீர்கள். அதில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். தரையையோ தண்ணீரையோ தொட்ட பிறகு பிடியுங்கள். அதை மரத்திலோ படகிலோ கட்டவே கூடாது. தரையிறங்கிய ஹெலிகாப்டரின் வால் பக்கம் போகாதீர்கள். சுழலும்போது அந்த விசிறி கண்ணுக்கே தெரியாது. சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கமிருந்து வராமல் பள்ளத்துப் பக்கமிருந்து வாருங்கள்.

இறங்க இடம் காட்டுவதென்றால் பள்ளிக்கூட மைதானம், களத்துமேடு, மின்கம்பி போகாத திடல் நல்லது. ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளை ஒட்டிய இடம் வேண்டவே வேண்டாம். அடையாளத்துக்குச் சுண்ணாம்புப் பொடியைத் தூவினால் எல்லாம் பறந்து விமானியின் கண்ணை மறைக்கும். தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஆடு மாடுகளைத் தள்ளிக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கூரையில் தளர்ந்த தகரம் இருந்தால் ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள், தார்ப்பாயை மடித்து மேலே கல்லை வையுங்கள். வணக்கம்.