கீழே சொட்டு இல்ல, கூலண்ட் மட்டும் குறையுது: ஹெட்ட இறக்கணுமா?

அடுத்த கேள்வி ஏற்காடு நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு எஸ்டேட் சூப்பர்வைசர் அனுப்பியிருக்கார். "போட் இன்ஜின்ல கூலண்ட் லீக் பார்க்கிற வீடியோ பார்த்தேன். எங்க காபி பல்பருக்கு ஓட்டுற டீசல் ஜெனரேட்டர்லயும் கூலண்ட் குறையுது, தரையில ஒரு சொட்டு இல்ல. மெக்கானிக் ஹெட் கேஸ்கட்னு சொல்லி ஹெட்ட இறக்கச் சொல்றார். அதே சோதனை இதுக்கும் பொருந்துமா?"

பொருந்துங்கண்ணா. போட்ல, கடல் தண்ணியை வெச்சு கூலண்ட்டை ஆற வைக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு ஒண்ணு கூடுதலா இருக்கும். அதுக்குள்ள குழாய் ஓட்டையானா கூலண்ட் கடல் தண்ணியோட கலந்து வெளிய போயிரும், தடயமே இருக்காது. உங்களுக்கு ரேடியேட்டர், அதனால அந்தக் கவலை இல்ல.

ஹெட்டுங்கிறது சிலிண்டர்களுக்கு மேல இருக்கிற மூடிப் பாகம், அதுக்கு அடியில இருக்கிற சீல்தான் ஹெட் கேஸ்கட். ஹெட்ட இப்ப தொட வேண்டாம். முதல்ல ரேடியேட்டர் மூடியைப் பாருங்க, இன்ஜின் நல்லா ஆறின பிறகு. மூடி மேலேயே 0.9 பார்னோ 13 பிஎஸ்ஐனோ அச்சடிச்சிருக்கும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், அங்க தண்ணி 95 டிகிரியிலயே கொதிக்கும். குக்கர் மாதிரி மூடி அழுத்தம் பிடிச்சு வெச்சாத்தான் அது 115 டிகிரியைத் தாண்டும். ரப்பர் சீல் வெடிச்சுப் போயிருந்தா, லோடு ஏறினதும் கூலண்ட் கொதிச்சு ஆவியாவே போயிரும். கீழ நாட்டுல ஓரளவு தாங்குற மூடி மேல தாங்காது. நடுவுல இருக்கிற சின்ன வால்வையும் விரல்ல இழுத்துப் பாருங்க. அது வேலை செய்யலைன்னா ரிசர்வ் பாட்டிலுக்குப் போன கூலண்ட் திரும்பி வராது.

மூடி சரின்னா பிரஷர் டெஸ்டர், கையால அடிக்கிற பம்பு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில மாட்டி, மூடியில போட்டிருக்கிற அளவு வரைக்கும்தான் ஏத்தணும். அதுக்கு மேல போனா நல்ல ரேடியேட்டரும் பிளந்துரும். 20 நிமிஷம் விடுங்க. முள்ளு இறங்குதுன்னா டார்ச் எடுத்துக்கங்க. ஹோஸ் கிளிப், வாட்டர் பம்புக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டை, ரேடியேட்டர் டாங்க் இணைப்பு, இன்ஜின் பிளாக் பக்கவாட்டுல வட்டத் தகடு மாதிரி இருக்கிற கோர் பிளக், இந்த நாலு இடத்துல காய்ஞ்ச பச்சை, ரோஸ் இல்லைன்னா வெள்ளைப் படிவம் தேடுங்க. ஓடும்போது கசியுற கூலண்ட் சூட்டுலயே காய்ஞ்சுரும், அதான் தரையில சொட்டு இல்ல. மார்கழிக் குளிர்ல கிளிப் தளரும்ங்கிறதால விடியக்காலையில பார்க்கிறதுதான் நல்லது.

வெளிய எதுவும் இல்ல, முள்ளு மட்டும் இறங்குதுன்னா உள்ள போகுதுன்னு அர்த்தம். ஆயில் மூடிக்கு அடியில பால் மாதிரி இருந்தா உடனே பயப்படாதீங்க. குளிர்ல கொஞ்ச நேரம் மட்டும் ஓடுற இன்ஜின்ல வெறும் ஈரமே அப்படிப் படியும். இன்ஜினை ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சு, காலையில சம்ப், அதாவது அடியில இருக்கிற ஆயில் தொட்டியோட டிரெயின் பிளக்கை மெதுவா தளர்த்துங்க. கூலண்ட் ஆயிலை விடக் கனம், அடியில தங்கும். ஆயிலுக்கு முன்னாடி கூலண்ட் வந்தா லைனர் ஓ-ரிங் (சிலிண்டர் குழாயைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம்), ஆயில் கூலர் (கூலண்ட்டை வெச்சு ஆயிலை ஆற வைக்கிறது), ஹெட் கேஸ்கட் மூணுல ஒண்ணு. ரேடியேட்டர்லயும் ஆயில் மிதந்தா ஆயில் கூலரை முதல்ல சந்தேகப்படுங்க. ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், அதனால கூலண்ட் பக்கம் தள்ளும். நிறுத்தினதும் கூலண்ட் ஆயில் பக்கம் வரும்.

கேஸ்கட்டுக்குத் தனி சோதனை இருக்கு. பிளாக் டெஸ்டர்ல நீல திரவம் ஊத்தி ரேடியேட்டர் வாயில வெச்சு இன்ஜினை ஓட்டுங்க. எரிஞ்ச வாயு கூலண்ட்ல கலந்திருந்தா டீசலுக்கு நீலம் பச்சையாகும். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின ஓரிரு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலும் அதேதான். இது ரெண்டும் வந்தா மெக்கானிக் சொன்னபடி ஹெட்ட இறக்குங்க.

இதுக்கு நடுவுல டாப்-அப் பண்ண போர் தண்ணி ஊத்தாதீங்க. டிஸ்டில்டு வாட்டரும் தண்ணி கலக்காத கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. ராத்திரி நிறுத்தி வெச்சபோது நிறைய குறைஞ்சிருந்தா, காலையில நேரா செல்ஃப் அடிக்காதீங்க. சிலிண்டர்ல கூலண்ட் நின்னிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். இன்ஜெக்டர்களைக் கழட்டிட்டு, கையால ஃப்ளைவீலைச் சுத்திப் பாருங்க. எந்த ஓட்டையில இருந்து கூலண்ட் பீய்ச்சுதோ அந்த சிலிண்டர்லதான் கோளாறு.