இயற்கையைப் பாத்து டிசைன் பண்றது எப்படி? – சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்வி. திருச்சியிலேருந்து ஒரு தம்பி, ப்ராடக்ட் டிசைன் படிக்கிறாராம். "இயற்கையைப் பாத்து ஐடியா எடுன்னு காலேஜ்ல சொல்றாங்க சார். நானும் தாமரைப்பூ மாதிரி ஒரு லேம்ப் வரைஞ்சேன். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கயோ கடையில பாத்த மாதிரியே இருக்கு. என்ன பண்றது?"ன்னு கேக்குறாரு.

தம்பி, நீங்க தாமரைகிட்ட வெறுங்கையோட போயிருக்கீங்க. அப்படிப் போனா அது தன் உருவத்தை மட்டும்தான் குடுக்கும். ஒரு சிக்கலைக் கையில எடுத்துக்கிட்டுப் போகணும்.

ஜப்பான் புல்லட் ரயில் கதை பாதிப் பேருக்குத் தெரியும், மீன்கொத்தி அலகைப் பாத்து மூக்கு செஞ்சாங்கன்னு. ஆனா கதை பறவையில ஆரம்பிக்கல, சத்தத்துல ஆரம்பிச்சது. ஒசாகாவிலேருந்து ஹகாட்டா போற லைன்ல நிறைய சுரங்கப்பாதை. ரயில் வேகமா உள்ள நுழைஞ்சா, காத்து ஒதுங்க இடமில்லாம நசுங்கி, அழுத்த அலையா முன்னாடி ஓடி, அந்தப் பக்க வாயில 'டொம்'முனு வெடிக்கும். பக்கத்துலயே வீடுங்க. ஏஜி நகாட்சுன்னு ஒரு இன்ஜினியர், பறவை பாக்குற பழக்கம் உள்ளவரு. மீன்கொத்தி காத்துலேருந்து தண்ணிக்குள்ள பாயுது, தண்ணி பெருசா தெறிக்கறதில்ல. இங்கயும் அதே மாதிரி, தடை கம்மியான இடத்துலேருந்து திடீர்னு தடை அதிகமான இடத்துக்குப் போகுது ரயிலு. அதுக்காக அலகை அப்படியே ஒட்டவெச்சுடல. விதவிதமான வடிவத்துல குண்டு செஞ்சு குழாய்க்குள்ள சுட்டுப் பாத்து அளந்தாங்க. தேறின வடிவம் அந்த அலகை ஒத்திருந்துச்சு. 1997ல அந்த மூக்கோட 500 சீரிஸ்ங்கற ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர்ல ஓடுச்சு. மூக்கு மட்டும் 15 மீட்டர்! அதனால முதல் பெட்டியில சீட்டு குறைஞ்சுபோச்சு, அது வேற விஷயம்.

எனக்கு அதுல இன்னும் பிடிச்சது ஆந்தை. ரயில் மேல கரண்ட் எடுக்குற பாண்டோகிராஃப் காத்தைக் கிழிச்சு இரைச்சல் போடும். ஆந்தையோட இறக்கையில முன்னாடி ஓரத்து இறகைப் பாத்தா சீப்புப் பல்லு மாதிரி இருக்கும். பெரிய காத்துச் சுழலைச் சின்னச் சின்னதா உடைச்சிடும், அதான் சத்தமில்லாமப் பறக்குது. அந்த யோசனையை பாண்டோகிராஃப்ல வெச்சாங்க. ஆனா ரயிலைப் பாத்து 'இதுல ஆந்தை இருக்கு'ன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க.

இப்ப உங்க லேம்ப். அதுக்கு என்ன சிக்கல்? பல்பு கண்ணைக் கூசுது. டென்மார்க்ல பவுல் ஹென்னிங்சன்னு ஒருத்தர் வாழ்நாள் பூரா இந்த ஒரு கூச்சத்தோடதான் மல்லுக்கட்டினாரு. 1958ல கோபன்ஹேகன்ல ஒரு ரெஸ்டாரன்ட்டுக்கு அவர் செஞ்ச விளக்கைத் தேடிப் பாருங்க. 12 வரிசை, 72 தகடு, பைன் மரத்துக் காய் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் பல்பு தெரியாது, வெளிச்சம் மட்டும் தகட்டுல பட்டு இறங்கும்.

அதே கேள்வியோட ஒரு தாமரை மொட்டை வாங்கிப் பிரிங்க. வெளியில ரெண்டு இதழுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை உள் வரிசை இதழ் எப்படி மறைக்குதுன்னு பாருங்க. அந்த அடுக்கை மட்டும் சார்ட் பேப்பர்ல வெட்டி, உள்ள ஒரு பல்பை வெச்சுப் பாருங்க. பூ மாதிரி தெரியணும்னு அவசியமே இல்ல.

ஆனா ஒண்ணு, அடுக்கு வந்தா தூசி வரும். உடனே தாமரை இலையில தூசி ஒட்டாதேன்னு சொல்லுவீங்க. உண்மைதான், கண்ணுக்குத் தெரியாத மேடும் மெழுகும் சேந்து தண்ணியை உருட்டிவிடும், உருளுற தண்ணி அழுக்கையும் தூக்கிட்டுப் போயிடும். அந்த வித்தையில வெளிச்சுவர் பெயிண்ட்டே 1999ல ஜெர்மனியில வந்தாச்சு. ஆனா அதுக்கு மழை வேணும், உங்க ஹாலுக்குள்ள மழை பெய்யாது. அதனால ஒவ்வொரு இதழும் தனியாக் கழட்டித் தொடைக்கிற மாதிரி வைங்க.