நாடகம் முடிந்த பிறகு வரும் கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீதி நாடகத்தில் திரை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் போய் உட்கார்ந்துகொள்ள ஒப்பனை அறையும் கிடையாது. வட்டமாக நின்று பார்த்தவர்கள் அப்படியேதான் நிற்பார்கள். பறையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். மேடை நாடகக்காரர்களுக்குக் கைதட்டல் என்றால் எங்களுக்குக் குறுக்கு விசாரணை. பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, அந்தப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர் என்று இந்தப் பழனி மலையில் சந்தை நாளிலும் திருவிழாவிலும் ஆடிக்கொண்டிருப்பவள் நான். கலையும் அநியாயமான சட்டங்களும் என்பது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோது, தலைப்பைப் பார்த்துக் கொஞ்சம் மலைத்துத்தான் போனேன். பிறகு, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே எடுத்து வைத்துக்கொண்டு பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கே போனாலும் கேட்பது இது: "ஏம்மா, இதுக்கெல்லாம் போலீஸ் பர்மிஷன் வாங்கியாச்சா?"

கேட்பவர் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். நாடகம் என்றாலே அனுமதி வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அது எப்படி ஊறியது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1875 கடைசியில் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் ஒரு பெரிய வழக்கறிஞர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, வெளி ஆண்கள் யாரும் நுழையாத அந்தப்புரத்திலேயே வரவேற்பு கொடுத்தார். ஊர் சிரித்தது. நாடகக்காரர்கள் அதை மேடையில் வைத்துச் சிரித்தார்கள். உடனே தடை. தடையையும் கிண்டல் செய்து இன்னொரு நாடகம். அதற்கும் தடை. 1876இல் முதலில் அவசரச் சட்டம், அதே வருஷம் நாடு முழுமைக்கும் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். ஒரு வக்கீல் வீட்டு விருந்தைக் கேலி செய்ததற்கு நூற்றுநாற்பது வருஷத் தண்டனை! வெள்ளைக்காரன் போன பிறகும் அது போகவில்லை. போதாததற்கு 1954இல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டுக்கொண்டது. எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று இன்றைக்கும் நாடக உலகில் சொல்வார்கள். பிரதியைக் கொண்டுவரச் சொல்லலாம், ஆட்சேபகரமானது என்று தோன்றினால் தடுக்கலாம் என்று அதிகாரிகளுக்கு அதில் இடம் இருந்தது.

பிரதியைப் படிக்கிற அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ரசனை உள்ளவராகவே இருக்கட்டும். ஊர் கூடிப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டிய ஒன்றை, ஊருக்கு முன்னால் ஒருவர் தனியாகப் படித்து முடிவு செய்கிறார் அல்லவா, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தாளில் நாடகம் இல்லை. "ஐயா சௌக்கியங்களா?" என்று ஒரு வசனம் எங்கள் நாடகம் ஒன்றில் வருகிறது. படித்துப் பாருங்கள், எந்தக் குற்றமும் இல்லை. அதைச் சொல்கிற பையன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அரை அடி குனிந்து சொல்வான். வட்டத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தக் குனிவை எந்தப் பிரதியில் தேடுவது?

இந்தச் சட்டங்களின் கீழே வாழ்ந்தவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது விஸ்வநாததாஸ். மலைக்குக் கீழே, பாண்டி நாட்டுச் சீமைக்காரர். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து தேசியப் பாட்டுப் பாடி, பல தடவை சிறைக்குப் போனவர். மருத்துவர் குலத்தில், அதாவது முடி திருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்கப் பெண் நடிகர்கள் மறுத்ததும் உண்டு. ஆக அவருக்கு எதிரே இரண்டு சட்டங்கள். ஒன்று எழுதிய சட்டம், போலீஸ்காரர் வாரண்டோடு கொண்டுவருவது. இன்னொன்று எழுதாத சட்டம், ஒப்பனை அறைக்குள்ளேயே இருப்பது. வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டாவதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1940இல் சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்தபடியே மேடையில் உயிர் போனது.

இன்னொருவர் ஞாநி. பரீக்ஷா என்ற நாடகக் குழுவை நடத்தியவர், பத்திரிகையாளர். அவர் அந்த 1954 சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சட்டம் தரும் சமத்துவத்துக்கும் பேச்சுரிமைக்கும் முரணானவை என்று 2013இல் தீர்ப்பு வந்தது. 1876 சட்டம் நாடாளுமன்றத்தில் ரத்தாகிச் சட்டப் புத்தகத்திலிருந்து போனது 2018 ஜனவரியில். ஞாநி காலமானதும் அதே ஜனவரியில்தான்.

ஆகவே, பர்மிஷன் விஷயத்துக்கு என் பதில்: மைக் வைத்தால் கேட்போம், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் தள்ளி நிற்போம். கதைக்கு யாரிடமும் கேட்க மாட்டோம்.

இதைச் சொன்னதும் தாண்டிக்குடியில் ஒரு ஓய்வு பெற்ற ஏட்டு ஐயா பிடித்துக்கொண்டார். "அப்ப சட்டம் தப்புன்னு உனக்குத் தோணுனா மீறிடுவியா? நாளைக்கு எல்லாரும் அப்படிக் கெளம்புனா?" நியாயமான கேள்வி. சும்மா சமாளிக்க முடியாது. நான் சொன்னேன்: "ஐயா, ஒளிஞ்சு மீறுனா அது திருட்டு. தாசு ஒளியல. மேடையில நின்னு, பேரு சொல்லி, வெளிச்சத்துல பாடுனாரு, உள்ளே போனாரு. ஞாநி மீறக்கூட இல்ல, கோர்ட்டுக்குப் போனாரு. இன்னொருத்தர் தலையில நஷ்டத்தைக் கட்டாம, என் தலையில வர்றதை நான் ஏத்துக்கிட்டு மீறுனா, அதுக்குப் பேரு வேற." அவர் விடவில்லை. "நீ மீறுனா கேஸ் போடுறது என் கடமை, தெரியும்ல?" "போடுங்கய்யா, அதுவும் நாடகத்துல ஒரு காட்சிதான்" என்றேன். சிரித்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அது பாதரசம் பற்றிய நாடகம் முடிந்து வருவது.

கொடைக்கானல்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களில் இங்கே கொண்டுவரப்பட்டது. பிறகு அது யூனிலீவர் குழுமத்து இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாம்பார் சோலைக்கு மேலே மேட்டில் இருந்தது. அந்தத் தண்ணீர் இறங்கிக் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் போகிறது. பாதரசம் பார்க்க அழகான பொருள். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, மூச்சில் போகும், நரம்பையும் சிறுநீரகத்தையும் தொடும். 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கிடந்ததை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை அந்த வருஷமே மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. அது மனிதாபிமான அடிப்படையில் செய்தது, உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் மேடையில் பாதரசத்துக்கு சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் பயன்படுத்துகிறோம். எவர்சில்வர் தட்டில் ஒரு கைப்பிடி போட்டுச் சாய்த்தால் கூட்டம் மொத்தமும் அந்தச் சத்தத்தைக் கேட்கும். பிறகு இரண்டு டம்ளரில் மண் வரும். ஒன்றை லண்டன் பாப்பா கையில் கொடுப்போம், ஒன்றைக் கொடைக்கானல் பாப்பா கையில். ஆலை மண்ணைச் சுத்தம் செய்ய இங்கே வைத்த அளவு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பது. நிறுவனத்தின் தாய்வீடான பிரிட்டனில் இதை ஏற்பார்களா என்பது போராடியவர்கள் கேட்ட கேள்வி. இன்னும் குறைக்கப் போனால் மரத்தை வெட்டி, சரிவில் மண்ணை அள்ள வேண்டியிருக்கும், காடே போய்விடும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அந்த வாதத்தையும் நாடகத்தில் ஒருவர் உருப்படியாகப் பேசுவார். கோமாளியாக்கிப் பேசவைக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் நான் போட்ட கண்டிப்பு. தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று போயும் 20 என்பதே நின்றது.

அதனால்தான் கேட்கிறார்கள்: "சட்டப்படிதானேம்மா நடந்திருக்கு? அப்புறம் என்ன?"

எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். நாடகச் சட்டம் கலைஞனைப் பார்த்து 'வாயை மூடு' என்றது, எதிரி யார் என்பதில் குழப்பமில்லை. இங்கே சட்டம் யாரையும் அதட்டவில்லை. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அந்தக் குறைந்தபட்சம் ஒரு ஊருக்கு ஒன்றும் இன்னொரு ஊருக்கு வேறொன்றுமாக இருந்தால் அது அறமா என்று நீதிமன்றத்தில் கேட்க ஒரு அளவுதான் இடம் உண்டு. தெருவில் கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

2015இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் இதை ஒரு ராப் பாட்டாகக் கேட்டார். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். விளம்பரத்தில் கம்பெனிகள் எப்படி மனதில் நுழைகின்றன என்று தெரிந்தவர், அதே வழியில் திரும்பி நுழைந்தார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், யூனிலீவரின் தலைமை நிர்வாகியே பொதுவெளியில் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து, அந்த அளவுகோல் பற்றியே இன்னொரு பாட்டு. முதல் பாட்டைப் பற்றி, "அது இங்கிலீஷ் பாட்டாச்சே, எங்களைப் பத்தின பாட்டு எங்களுக்கே புரியல" என்று மூஞ்சிக்கல்லில் ஒரு அண்ணன் குறைப்பட்டார். அண்ணே, அது உங்களுக்குப் பாடியது இல்லை. உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிகிற பாஷையில் அது போனது. அந்தப் பாட்டால் மட்டும் உடன்பாடு வந்ததா? இல்லை. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் தொழிலாளர்கள் நடையாய் நடந்திருக்கிறார்கள். பாட்டு கடைசியில் வந்து கதவைத் தட்டியது, அவ்வளவுதான். கலைஞர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கம் நல்லது.

இந்த நாடகத்தை ஆடினால் டூரிஸ்ட் வராமல் போய்விடுவான் என்று லாட்ஜ்காரர்கள் சொல்வதுண்டு. மே மாதம் ஏரிச் சாலையில் ஒரு வண்டி நகர்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ஆனால் ஒரு அக்கா கேட்டதற்கு மட்டும் நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. ஆலையில் வேலை பார்த்து இறந்துபோன ஒருவரின் மனைவி. கூட்டம் கலைந்த பிறகு வந்து, "எங்க வீட்டுல நடந்ததை நீ நடிச்சுக் கைதட்டு வாங்கிட்டுப் போற. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். கோபம்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். சட்டப்படி நான் கேட்க வேண்டியதில்லை. பெயர் சொல்லவில்லை, யார் வீட்டுக் கதை என்று அடையாளம் இல்லை. கவனியுங்கள், சட்டப்படிதானே நடந்திருக்கு என்று நான் யாரைப் பார்த்துக் கேலி செய்தேனோ, அதே வாக்கியம் இப்போது என் வாயில் வரத் தயாராக நிற்கிறது! அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பங்கள் ஐந்தாறு பேரை வரவழைத்து, ஒரு வீட்டு முற்றத்தில் அவர்களுக்கு மட்டும் ஆடினோம். இருமல் காட்சியை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தோம். சம்பள நாளில் எல்லாரும் பிரியாணி சாப்பிட்ட காட்சியைச் சேர்க்கச் சொன்னார்கள். "அந்த வேலை கெடச்சப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்னு ஒருத்தனும் சொல்றதில்ல" என்றார் அந்த அக்கா. இப்போது நாடகம் அந்தப் பிரியாணியில்தான் ஆரம்பிக்கிறது. சோகமாகத் தொடங்கிய காலத்தைவிட ஜனங்கள் அதிகமாகக் கேள்வி கேட்கிறார்கள்.

அந்த முற்றத்தில் நடந்ததும் ஒருவிதத் தணிக்கைதானே, ஏட்டு ஐயா கேட்பார் பாருங்கள் என்று குழுவில் ஒரு பையன் மடக்கினான். வித்தியாசம் இருக்கிறது தம்பி. அவர்கள் சொல்லி நாங்கள் மறுத்திருந்தால் எங்களை உள்ளே தள்ள அவர்களுக்கு அதிகாரம் இல்லை. முகத்துக்கு நேரே காரணம் சொன்னார்கள், பதிலுக்குப் பேச எங்களுக்கும் இடம் இருந்தது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் செய்து பார்க்கலாமே என்று இப்போது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகப் பயிற்சி நடத்துகிறேன். பள்ளியில் உங்களுக்கு அநியாயமாகப் படுகிற ஒரு விதியை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷ நாடகம் போடுங்கள் என்றேன். ஒரே நிபந்தனை: அந்த விதியை ஆதரித்துப் பேசும் பாத்திரம் ஒன்று கட்டாயம் வேண்டும், அதற்கு நல்ல வசனம் வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்கள் இரட்டைச் சடை விதியை எடுத்தார்கள். ஜனவரிக் குளிரில் ஆறு மணிக்கு எழுந்து, விறைத்த விரலோடு, எண்ணெய் உறைந்துபோன பாட்டிலை அடுப்போரம் வைத்து இளக்கி, தலையை இழுத்துப் பின்னுகிற அம்மாவாக ஒருத்தி நடித்தாள் பாருங்கள், ஆசிரியர் அறையிலிருந்து எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். தலைமையாசிரியையாக நடித்த பெண் பேன், சுத்தம், எல்லாரும் சமம் என்று அடுக்கி நன்றாகவே வாதாடினாள். முடிவில் ஒரு வாண்டு எழுந்து, "எல்லாரும் சமம்னா பசங்களுக்கு ஏன் மிஸ் சடை இல்ல?" என்றான்.

விதி இன்னும் மாறவில்லை. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் அதே நாடகத்தைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியை. இந்த முறை தன் பாத்திரத்தில் தானே நடிப்பதாகச் சொல்லிவிட்டார். வசனம் எழுதித் தர வேண்டாமாம். வணக்கம்.