சாவி இல்ல, கிளட்ச் இல்ல, பேட்டரியும் இல்ல! இந்த மண் டிராக் ரேஸ் காரை எப்படி இன்னும் ஓட விடுறாங்க?

மக்களே, ஒரு ரேஸ் கார் இருக்கு. சாவி கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, கிளட்ச் கூட கிடையாது. அப்ப எப்படிப்பா ஸ்டார்ட் ஆகும்னு கேக்குறீங்களா? பின்னாடி ஒரு பிக்கப் டிரக் வந்து முட்டுக் கொடுத்து தள்ளும். அவ்ளோதான், இதுதான் இதோட ஸ்டார்ட்டிங் சிஸ்டம்!

[பழைய கருப்பு வெள்ளை கிளிப்: குட்டி காரை டிரக் தள்ளுது]

இது மிட்ஜெட் கார். அமெரிக்காவுல 1933ல கலிஃபோர்னியா பக்கம் ஆரம்பிச்ச ரேஸ், மண் டிராக், வளைஞ்சு வளைஞ்சு இடது பக்கம் மட்டும்தான் திரும்பணும், வலது பின் டயர் பெருசு இடது பின் டயர் சின்னது, ஹிஸ்டரி ஓவர். அதுக்கு மேல வேணும்னா தனி வீடியோ போடுறேன், கமெண்ட்ல கேளுங்க.

இன்னைக்கு நம்ம பாக்கப் போறது 1940கள்ல ஃபிராங்க் கர்ட்டிஸ்னு ஒருத்தர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கட்டின கர்ட்டிஸ்-கிராஃப்ட் மிட்ஜெட். உள்ள இருக்குறது ஆஃபன்ஹவுசர் இன்ஜின், செல்லமா ஆஃபி. கிட்டத்தட்ட 1.6 லிட்டர், நாலு சிலிண்டர். இதோட பெரிய அண்ணன் இன்ஜின்கள் 1935ல இருந்து 1976 வரைக்கும் அமெரிக்காவோட பெரிய கார் ரேஸான இண்டியானாபோலிஸ் 500ஐ (சுருக்கமா இண்டி 500) 27 தடவை ஜெயிச்சிருக்கு, அதுலயும் 1947ல இருந்து 1964 வரைக்கும் ஜெயிச்ச ஒவ்வொரு காரும் ஆஃபிதான், வேற யாருக்கும் சான்ஸே கொடுக்கல.

ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு போறேன், இதை சொல்லலன்னா எனக்கு தூக்கம் வராது. 1959ல ரோட்ஜர் வார்டுனு ஒரு டிரைவர், அந்த வருஷ இண்டி 500 வின்னர், இந்த மாதிரி ஒரு மிட்ஜெட்டை எடுத்துக்கிட்டு கனெக்டிகட்ல லைம் ராக்னு ஒரு தார் ரோடு டிராக்குக்கு போறாரு. எதிர்ல மசராட்டி ஃபார்முலா ஒன் கார், ஆஸ்டன் மார்ட்டின் எல்லாம் நிக்குது. மண்ணுல ஓடுற பொடிசு வந்து எல்லாத்தையும் அடிச்சுத் தூக்கிருச்சு! மனுஷனுக்கு தைரியம் வந்து அதே வருஷம் டிசம்பர்ல செப்ரிங்ல நடந்த நிஜ ஃபார்முலா ஒன் கிராண்ட் ப்ரீக்கே மிட்ஜெட்டோட போயிட்டாரு. ஸ்டர்லிங் மாஸ்ங்கிற பிரிட்டிஷ் டிரைவர் 3 நிமிஷத்துல சுத்தின டிராக்கை இவரு சுத்த 43 செகண்டுக்கு மேல கூட ஆச்சு. கடைசியில கிளட்ச் போய் நின்னுட்டாரு. ஆமா, சாதாரணமா மிட்ஜெட்டுல இல்லாத அந்த கிளட்ச்சே காலை வாரிருச்சு. 😂

சரி மேட்டருக்கு வருவோம். இந்த காரை மியூசியத்துல வச்சுட்டா அழகா இருக்கும், பிரச்சனை முடிஞ்சதுன்னு நினைப்போம். இல்லங்க, சும்மா நிக்கிறதுதான் இதுக்கு எமன். காரணம் ஒரே ஒரு ஐட்டம், மெத்தனால்.

இந்த கார் பெட்ரோல் குடிக்காது, மெத்தனால்தான். நம்ம ஊர்ல கள்ளச்சாராயத்துல கலந்து உயிரை எடுத்துச்சே, அதே சரக்கு. தோல் வழியா கூட உடம்புக்குள்ள போகும், அதனால கிளவுஸ் இல்லாம யாரும் தொட மாட்டாங்க. பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கு மேல குடிக்கும், ஆனா இன்ஜினை உள்ளுக்குள்ளயே கூல் பண்ணும், பவரும் ஜாஸ்தி, அதான் ரேஸ்காரங்களுக்கு இது மேல அவ்ளோ லவ். பயங்கரம் என்னன்னா, பகல்ல இது எரிஞ்சா தீ கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டி 500ல ரிக் மியர்ஸ்ங்கிற டிரைவர் பிட்ல (ரேஸ் நடுவுல எரிபொருள் நிரப்புற இடம்) நிக்கும்போது தீப்பிடிச்சு, மனுஷன் கையை காலை உதறுறாரு, பாக்குறவங்களுக்கு என்ன நடக்குதுன்னே புரியல. ஒரே ஆறுதல், தண்ணி ஊத்தினா அணையும், அதனால பக்கத்துல பக்கெட் பக்கெட்டா தண்ணி ரெடியா இருக்கும்.

இந்த மெத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும். ஓட்டிட்டு அப்படியே விட்டீங்கன்னா டேங்க், பம்ப், இன்ஜெக்டர் நாசில்னு அலுமினியம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் வெள்ளை வெள்ளையா மாவு பூத்த மாதிரி அரிச்சுரும். ஆயில்லயும் இறங்கி பால் கலந்த மாதிரி ஆக்கிரும். அதனால பத்து நிமிஷம் ஓட்டினாலும் சரி, முடிஞ்ச உடனே டேங்கை வடிக்கணும், லைனை ஃப்ளஷ் பண்ணணும், கொஞ்ச நேரம் பெட்ரோல்ல ஓட விட்டு மிச்சம் மீதியை எரிக்கணும், மேல இருந்து எண்ணெய் அடிச்சு சிலிண்டர் சுவத்துல பூசணும், ஆயிலை மாத்தணும். ஓட்டுற நேரத்தை விட கழுவுற நேரம்தான் ஜாஸ்தி. சோம்பேறிங்க இந்த ஹாபி பக்கமே வராதீங்க, என்னையும் சேர்த்துதான் சொல்றேன்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச பார்ட். ஆஃபி இன்ஜின்ல ஹெட், அதாவது சிலிண்டருக்கு மேல இருக்குற மூடி, தனியா கழட்ட வராது. ஹெட்டும் சிலிண்டர் இருக்குற பிளாக்கும் ஒரே வார்ப்பு, அதனால ரெண்டுக்கும் நடுவுல வைக்கிற ஹெட் கேஸ்கெட்டுங்கிற சமாச்சாரமே கிடையாது, கேஸ்கெட் போச்சு தண்ணி கலந்துச்சுங்கிற புலம்பலும் கிடையாது. சூப்பர்ல? ஆனா வால்வு உக்காருற சீட்டை தேய்க்கணும்னா என்ன பண்ணுவீங்க? மொத்த பிளாக்கையும் கிராங்க்கேஸ்ல (இன்ஜினோட அடிப் பெட்டி) இருந்து தூக்கி, தலைகீழா வச்சு, சிலிண்டர் ஓட்டை வழியா டூலை உள்ள விட்டு அடியில தேய்க்கணும், வாய் குறுகின சொம்புக்குள்ள கையை விட்டு அடி விளக்குற மாதிரி. வால்வையே அந்த ஓட்டை வழியாதான் எடுக்கணும். இதை டிசைன் பண்ணினவங்க ஜீனியஸ், ஆனா ரிப்பேர் பண்றவன் என்ன திட்டு திட்டியிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கும் இதை தெரிஞ்சு செய்யுற மெக்கானிக்குங்க கம்மி, பார்ட்ஸ் வேணும்னா ஆர்டர் கொடுத்து கடைசல் பிடிச்சு வாங்கணும்.

ஸ்டார்ட் பண்றதுக்கும் ஒரு முறை இருக்கு. ரொம்ப நாள் நின்ன காருன்னா முதல்ல பிளக்கை கழட்டி சிலிண்டருக்குள்ள ஆயில் விட்டு, கியர்ல போட்டு கையால தள்ளி மெதுவா சுத்திப் பாப்பாங்க. எல்லாம் ஃப்ரீயா சுத்துச்சுன்னா பிளக்கை மாட்டிட்டு டிரக்கை கூப்பிடுவாங்க. டிரக் தள்ளும்போது டிரைவர் மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் கொடுக்குற ஐட்டம்) சுவிட்சை ஆன் பண்ண மாட்டாரு, கண்ணு முழுக்க ஆயில் பிரஷர் மீட்டர் மேல. முள்ளு மேல ஏறினதுக்கு அப்புறம்தான் சுவிட்ச். அவசரப்பட்டா பேரிங் காலி. நிறுத்தணும்னா எரிபொருள் வால்வை மூடிட்டா போதும், லைன்ல இருக்குறது தீந்து தானா அணையும்.

சக்கரம் பத்தியும் சொல்லணும். நிறைய காருல ஹேலிபிராண்ட் மெக்னீசியம் வீல். பாக்க செம, வெயிட்டும் கம்மி, ஆனா வயசானா மெல்லிசா விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது. சாயம் தடவி விரிசல் தெரியுதான்னு செக் பண்ணாம டிராக்குல இறக்கவே கூடாது. அதனால சில ஓனருங்க ஒரிஜினல் வீலை டிஸ்ப்ளேக்கு, புதுசா வார்த்ததை ஓட்டுறதுக்குன்னு ரெண்டு செட் வச்சிருக்காங்க. டயரும் அப்படித்தான், பழசு கல்லு மாதிரி இறுகிருக்கும். மியூசியத்துல காரை ஸ்டாண்டுல தூக்கி வைக்கிறதும் டயர் ஒரு பக்கம் தட்டையாகக் கூடாதுன்னுதான்.

நேர்ல பாக்கணும்னா விஸ்கான்சின்ல சன் ப்ரேரிங்கிற ஊர்ல ஏஞ்சல் பார்க் மண் டிராக், அங்கயேதான் மிட்ஜெட் ஹால் ஆஃப் ஃபேமும். அயோவா நாக்ஸ்வில்லில ஸ்பிரின்ட் கார் (மிட்ஜெட் மாதிரியே, சைஸ் பெருசு) மியூசியம், 1992ல திறந்தாங்க, அதுவும் டிராக்கை ஒட்டியே. சத்தம் கேட்டுக்கிட்டே பழைய காரை பாக்கலாம், கொடுத்து வச்ச பசங்க.

ஒரே ஒரு சண்டை மட்டும் போட்டுக்கறேன். சில பேரு இதை ரெஸ்டோர் பண்றேன்னு கண்ணாடி மாதிரி பெயின்ட் அடிச்சு, எல்லா ஸ்க்ரூவுக்கும் குரோம் போட்டு, கல்யாண மண்டபத்துல நிக்க வைக்கிற மாதிரி ஆக்கிடுறாங்க. மண்ணுல உருண்டு கல்லடி பட்ட காருங்க அது! அந்த நசுங்கலை ஏன் சார் தட்டி எடுக்குறீங்க? என் கட்சி இதுதான், ஒத்துக்காதவங்க கீழ வாங்க, பேசித் தீத்துக்கலாம். லைக் போட்டுட்டு சண்டைக்கு வாங்க.