ஜெயிக்கும்வரை மட்டும் இருந்த அவசரம்

நடுவர் அவர்களே, 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் தன்பாலினத் திருமணம் மக்களின் உண்மையான கவலையா, திசைதிருப்பலா? திசைதிருப்பல்தான் என்று பேச வந்திருக்கிறேன். 'தேர்தல் நாளன்று 11 மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தடை செய்தார்களே, அவர்களை அவமதிக்கிறீர்களா?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் எதிரணி நண்பர். மக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கேள்வியை அந்த நவம்பரில் அவர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த வருஷம் என்ன நடந்தது? எந்த ஆயுதத்தைச் சொல்லி ஈராக்குக்குப் படை போனதோ, அந்த ஆயுதம் கிடைக்கவில்லை. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை அமெரிக்க வீரர்கள் கொடுமைப்படுத்திய படங்கள் வெளியாகின, செப்டம்பருக்குள் ஆயிரம் அமெரிக்க வீரர்கள் செத்துப் போயிருந்தார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர், மறுபடி போட்டியிட்ட அதிபர் புஷ், பிப்ரவரி 24 அன்று, கல்யாணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றார். 2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், தன்பாலினத்தவருக்கும் கல்யாண உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னதால்தான் என்பீர்கள். சரி, தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் திருத்தத்துக்கு நாடாளுமன்ற மேல்சபையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, அதாவது 67 வரை வேண்டும். ஜூலையில் விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா என்பதற்கே விழுந்தது 48. அப்புறமும் விடாமல் செப்டம்பரில் கீழ்சபையான பிரதிநிதிகள் சபைக்குக் கொண்டுபோய் அங்கேயும் தோற்றார்கள்.

அந்த 11 மாநிலங்களில் ஒன்றான ஓஹாயோவுக்கு வாருங்கள். ஆலை வேலைகள் லட்சக்கணக்கில் போயிருந்த மாநிலம். அங்கே தடைக்கு 62 சதவீத ஆதரவு, புஷ் சுமார் 1,18,000 ஓட்டில் ஜெயித்தார். தடையால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்லவில்லை, அது இன்னும் தீராத வாதம். ஆனால் அந்தத் தடையின் வாசகம், கல்யாணமாகாத யாருடைய உறவுக்கும் கல்யாணத்துக்கு ஈடான சட்ட அந்தஸ்து கிடையாது என்றது. உடனே, கூட வாழ்ந்த பெண்ணை அடித்த ஆண்களின் வக்கீல்கள், 'இவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை, குடும்ப வன்முறைச் சட்டம் எப்படிச் செல்லும்?' என்று வாதாட, சில நீதிபதிகள் ஒப்புக்கொண்டும் விட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2007-இல் அதைச் சரிசெய்யும்வரை அடிபட்ட பெண்கள் என்ன செய்திருப்பார்கள்? தன்பாலினத்தவரை மட்டும் குறிவைத்ததாகச் சொன்ன சட்டம் இது!

2005 ஜனவரியில், பதவியேற்புக்கு முன்பே, செனட்டில் இதை வற்புறுத்தப் போவதில்லை என்று புஷ்ஷே பேட்டி கொடுத்தார். திருத்தம் மறுபடி செனட்டில் ஓட்டுக்கு வந்தது 2006 ஜூனில், அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது. நாடே ஆபத்தில் இருந்தது என்கிறீர்களே, தேர்தல் இல்லாத 2005-இல் இரு சபைகளில் ஒன்றிலாவது இது ஏன் ஓட்டுக்கு வரவில்லை? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.